ஒரு துறை, பல இணைப்புகள்

தூத்துக்குடியில் படிக்கும் நமக்குத் துறைமுகத்தின் நடைமுறை ஓரளவு தெரிந்ததே. வருகின்ற கப்பல் நேராக வந்து பெர்த்தில் கட்டுவதில்லை. வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. முறை வந்ததும் பைலட் ஏறி அதனை உள்ளே கொண்டுவருகிறார். ஒரு கப்பலிலிருந்து நிலக்கரி இறங்கிக்கொண்டிருக்கும். மற்றொன்றில் கண்டெய்னர் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாவது கப்பல் அடிவானத்தில் தெரியத் தொடங்கியிருக்கும். முதற்கப்பலின் வேலை முடியும்வரை மற்றவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று ஒரு துறைமுகம் இருந்துவிடுமானால், இரண்டாவது கப்பல் வேறு துறை தேடிப் போய்விடும்.

கணிப்பொறி வலையமைப்பில் சர்வர் நிரல் செய்யும் வேலையும் இத்தகையதே. எங்கிருந்தோ வரும் பல கிளையண்ட் நிரல்களுக்கு அது ஒரே நேரத்தில் ஈடுகொடுக்க வேண்டும். கணிப்பொறி அறிவியல் மாணவர்களாகிய நாங்கள் ஒரே ஒரு கிளையண்டோடு பேசும் சர்வரை ஆய்வகத்தில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். இரண்டாவது கிளையண்ட் வந்து கதவைத் தட்டும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அந்தப் பாடத்தைப் பிற துறை நண்பர்களுக்கும் விளங்குமாறு இங்கே எழுத முயல்கிறேன். எடுத்துக்காட்டையும் நம் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

கப்பல் சொல்லும் செய்தி

பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாம் ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டு முடிவிலிருந்து பன்னாட்டு விதி. ‘நான் இன்ன கப்பல், இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன திசையில் இன்ன வேகத்தில் போகிறேன்’ என்று அந்தக் கருவி வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடும் பெரிய கப்பல், வேகத்துக்கு ஏற்ப 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை சொல்லும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். இச்செய்திகளைக் கேட்பதற்காக நம் நாட்டுக் கடற்கரைக் கலங்கரை விளக்கங்களில் ஏற்பிகளை நிறுவி, 2012-இல் தேசிய அளவிலான அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது.

ஏ.ஐ.எஸ். இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2,250 கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ஒரு கப்பலின் இருப்பிடச் செய்தி ஒரு கூறில் அடங்கும். ஆகவே ஓர் ஏற்பிக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 4,500 செய்திகள், வினாடிக்கு 75 செய்திகள் வரலாம். ஏற்பி ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரியாக்கித் தருகிறது. அவ்வரி 82 எழுத்துக்கு மேற்படாது.

இனி நம் கணக்கு. கரையில் ஒரு சர்வர் நிரல் இருக்கிறது. சில ஏற்பிகள் ஒரு பக்கம் அதற்கு வரிகளைத் தருகின்றன. மறு பக்கத்தில் 200 திரைகள் அவற்றைக் கேட்டு நிற்கின்றன என்று கொள்வோம்: துறைமுகக் கட்டுப்பாட்டு அறை, கப்பல் ஏஜெண்ட் அலுவலகங்கள், மீட்புப் பணியினர், கைப்பேசியில் பார்ப்போர். வினாடிக்கு 75 வரி, 200 பேர். ஆக வினாடிக்கு 15,000 முறை அனுப்ப வேண்டும். எங்கள் வகுப்பில் இத்தகைய சர்வர் ஒன்றைப் பயிற்சிக்காக எழுதினோம். ஏற்பிக்குப் பதில் பழைய வரிகளைக் கோப்பிலிருந்து படித்து அனுப்பும் சிறு நிரல்; திரைகளுக்குப் பதில் ஆய்வகத்துக் கணிப்பொறிகள். கீழே சொல்வன பெரும்பாலும் அந்தப் பயிற்சியில் எழுந்த கேள்விகளே.

துறை எண்ணும் இணைப்பும்

இரு நிரல்கள் வலையமைப்பு வழியாகப் பேசுவதற்கு இயங்குதளம் தரும் வாயிலுக்குச் சாக்கெட் என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்திலிருந்து 1983-இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் வழியாக இது பரவியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே அழைப்புகள், ஏறக்குறைய அதே பெயர்களோடு நிலைத்திருக்கின்றன.

சர்வர் முதலில் ஒரு சாக்கெட்டைத் திறந்து, அதற்கு ஒரு துறை எண்ணைக் கட்டி, ‘கேட்கத் தொடங்கு’ என்று ஆணையிடுகிறது. இந்தச் சாக்கெட் யாரோடும் பேசுவதில்லை. வருபவரை வரவேற்பது மட்டுமே இதன் வேலை. வந்து சேர்ந்த இணைப்புகள் கர்னல் வைத்திருக்கும் ஒரு வரிசையில் நிற்கும். இதுவே வெளி நங்கூரத்தளம். அக்செப்ட் என்ற அழைப்பு அவ்வரிசையில் முதலில் நிற்பதை எடுத்து, அதற்கென்று தனியாகப் புதிய சாக்கெட் ஒன்றைத் தருகிறது. இதுவே பெர்த். வரிசைக்கு அளவு உண்டு. லினக்ஸில் அதன் மேல்வரம்பு நெடுங்காலம் 128 ஆக இருந்து, 2019-இல் வந்த 5.4 பதிப்பில் 4,096 ஆக உயர்த்தப்பட்டது.

துறை எண் 16 பிட் அளவுடையது. ஆகவே ஒரு சர்வர் 65,535 இணைப்புகளுக்கு மேல் தாங்காது என்று பலர் எண்ணுகின்றனர். தேர்வுத்தாளிலும் இதைக் கண்டிருக்கிறேன். இது தவறு. ஓர் இணைப்பை அடையாளம் காட்டுவன நான்கு: அனுப்புபவரின் முகவரி, அவருடைய துறை எண், பெறுபவரின் முகவரி, அவருடைய துறை எண். சர்வரின் துறை எண் எல்லா இணைப்புக்கும் ஒன்றே. தூத்துக்குடிக்கு எத்தனை கப்பல் வந்தாலும் துறையின் பெயர் தூத்துக்குடிதானே! எல்லை வருவது வேறிடத்தில். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகள், சாக்கெட்டுகளின் எண்ணிக்கைக்கு இயங்குதளம் ஒரு வரம்பு வைக்கிறது. பல லினக்ஸ் அமைப்புகளில் தொடக்கத்தில் அது 1,024. அதை உயர்த்தலாம். அதன்பின் எல்லை நினைவகத்தைப் பொறுத்தது.

காத்திருக்கும் கலை

சாக்கெட்டிலிருந்து படி என்று சொன்னால், படிக்க ஒன்றும் வராதவரை அந்த நிரல் அங்கேயே நின்றுவிடும். இதுவே இயல்பான நடத்தை. ஒரே கிளையண்ட் என்றால் இதில் கேடில்லை. இருநூறு பேர் இருக்கும்போது, நங்கூரத்தில் கிடக்கும் ஒரு கப்பலின் அடுத்த செய்திக்காக நிரல் 3 நிமிடம் நின்றால் மற்ற 199 பேரும் நிற்க வேண்டியதே.

காத்திருத்தல் எவ்வளவு பெரிய செலவு என்பதற்கு நம் ஊர்க் கணக்கு ஒன்று சொல்லலாம். தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே 2006-இல் பாரத்–லங்கா கடலடிக் கேபிள் இடப்பட்டது. நீளம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அங்கே போய்த் திரும்ப 3 மில்லி வினாடி. நமக்கு இது கண் இமைக்கும் நேரத்தினும் குறைவு. வினாடிக்கு 300 கோடி துடிப்புகள் கொண்ட கணிப்பொறிக்கோ அது 90 இலட்சம் துடிப்புகள். பக்கத்து நாட்டுக்கே இப்படி என்றால் அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சர்வரின் வாழ்நாளில் பெரும்பகுதி காத்திருத்தலே. யாருக்காகக் காத்திருப்பது, எப்படிக் காத்திருப்பது என்பதை முறைப்படுத்துவதே இந்தக் கலை.

பழைய விடை, நம் முத்துக்குளிப்புப் படகின் விடையே. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றிய பழைய வருணனைகளில், ஒரு படகில் 10 குளியாட்களும் 5 கற்களும் இருந்தமை சொல்லப்படுகிறது. இருவருக்கு ஒரு கல். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். மூழ்கியவரின் கயிற்றைப் பிடிக்க மேலே தனித்தனி ஆள். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். நேரம் ஒரு நிமிடம், அதற்குச் சற்று முன்பின். கயிற்றை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள் என்று நம் கரையில் ஒரு பேச்சு உண்டு. அக்காள் தாலிக்காகவாவது அவன் கண்ணயர மாட்டான் என்பது காரணம்.

ஒரு குளியாளுக்கு ஒரு கயிற்றாள். இதுவே ஓர் இணைப்புக்கு ஒரு புராசஸ் அல்லது ஓர் இழை என்ற முறை. யூனிக்ஸில் ஃபோர்க் என்ற அழைப்பால் சர்வர் தன்னைப் போல் ஒரு பிரதியை உண்டாக்கி, வந்த கிளையண்டை அதனிடம் ஒப்படைக்கும். அந்தப் பிரதி தன் ஒரே கயிற்றுக்காகக் காத்திருப்பதில் யாருக்கும் இடையூறு இல்லை. எழுத எளிது, படிக்கவும் எளிது. நம் கல்லூரி அலுவலகத்துக்கு 40 பேர் இணையும் நிரல் எழுதச் சொன்னால் இழை முறையிலேயே எழுதுவேன். அதற்கு மேல் சாமர்த்தியம் காட்டுவது வீண்.

படகு எத்தனை ஆட்களைத் தாங்கும் என்பதே இடர்ப்பாடு. லினக்ஸில் ஓர் இழைக்கு வழக்கமாக 8 மெகாபைட் அடுக்குவெளி ஒதுக்கப்படுகிறது. பத்தாயிரம் இழைக்கு 80 ஜிகாபைட்! இது முகவரி ஒதுக்கீடே. முழுவதும் உண்மையான நினைவகத்தை விழுங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான இழைகளை மாற்றி மாற்றி ஓட்டும் செலவு மெய்யானது. பொதுப் பட்டியல் ஒன்றை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் திருத்தாமல் பூட்டுப்போடும் தொல்லையும் மெய்யானது. நம் எடுத்துக்காட்டில் ஒரு வரி வந்தால் 200 பேருக்கும் போக வேண்டும். ஆக எல்லா இழைகளும் ஒரே பட்டியலைத்தான் தொடுகின்றன.

ஒருவரே எல்லாக் கயிறுகளையும்

1961-இல் நம் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தபோது வாலிபராய்ப் படகில் கயிறு பிடித்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒருநாள் மாலை அவரிடம் இந்த நிரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒரு ஆளுக்கு ஒரு கயிறுதான் தம்பி. ரெண்டு பிடிச்சா ரெண்டுலயும் கவனம் இருக்காதுல்லா. உங்க மிஷினு எத்தனை பிடிக்கும்?”

“ஆயிரக்கணக்குல பிடிக்கும் தாத்தா, ஒரே ஆளு.”

“அப்ப ஒருத்தனை இழுத்துக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தன் அசைச்சா?”

நான் படித்த பாடநூல்களில் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்கவில்லை. விடை சொல்ல முயல்கிறேன்.

1983-இல் சாக்கெட்டோடு சேர்ந்தே வந்தது செலக்ட் என்ற அழைப்பு. ‘இந்தச் சாக்கெட்டுகளில் எதிலாவது அசைவு இருந்தால் என்னை எழுப்பு’ என்று ஒரு பட்டியலைக் கர்னலிடம் கொடுத்துவிட்டு நிரல் உறங்கும். ஒன்றுக்காகக் காத்திருந்தது போய், அனைத்துக்காகவும் ஒருங்கே காத்திருத்தல் இதன் பயன். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். கர்னல் ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்க்கும். எழுந்தபின் நிரலும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும். பட்டியலில் 1,024-க்கு மேல் இடமுமில்லை. பின்னர் வந்த போல் என்ற அழைப்பு அந்த வரம்பை நீக்கியது. தொட்டுப் பார்க்கும் வேலையை நீக்கவில்லை. பத்தாயிரம் கயிற்றில் பத்து மட்டும் அசையும்போது 9,990 கயிறுகளை வீணாகத் தொடுகிறோம். அதுவும் வினாடிக்குப் பலமுறை.

1999-இல் டான் கெகல் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணிப்பொறி ஒரே நேரத்தில் பத்தாயிரம் கிளையண்டுகளைத் தாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று எழுதினார். அவர் இட்ட ‘சி10கே’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் விடைகளும் வந்தன. 2000-இல் ஃப்ரீ பி.எஸ்.டி.யில் கேக்யூ, 2002-இல் லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பில் ஈபோல். ஈபோலின் கருத்து எளியது. பட்டியலை ஒருமுறை கர்னலிடம் பதிவு செய்துவிடுகிறோம். எந்தக் கயிறு அசைகிறதோ அதைக் கர்னலே தனியாக ஒரு சிறு பட்டியலில் எடுத்து வைக்கிறது. நாம் கேட்கும்போது அசைந்த பத்தை மட்டும் தருகிறது. அசையாத 9,990-ஐப் பற்றிப் பேச்சே இல்லை. ஒவ்வொரு கயிற்றிலும் மணி கட்டியது போல.

ஈபோலில் இரண்டு வகை உண்டு. கயிறு இறுகியிருக்கும்வரை மணி ஒலித்துக்கொண்டே இருப்பது ஒரு வகை. அசைந்த கணத்தில் ஒரேமுறை ஒலிப்பது மற்றொன்று. பின்னதைத் தேர்ந்தால், மணி கேட்டதும் ‘இப்போது ஒன்றுமில்லை, பிறகு வா’ என்று கர்னல் சொல்லும்வரை படித்து முடித்துவிட வேண்டும். பாதியில் விட்டால் மீதியைப் பற்றி மணி மறுபடி ஒலிக்காது. அந்த இணைப்பு காரணம் தெரியாமல் ஊமையாகிவிடும். மாணவர்கள் முதல் வகையிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஒருவரை இழுக்கும்போது இன்னொருவர் அசைத்தால் அந்த அசைவு தொலைந்துவிடாது. கர்னலின் இடைத்தாங்கி அதனை வைத்திருக்கும். ஆனால் வைத்திருக்கும் நேரம் நம் கையில் இருக்கிறது. ஆகவே ஒரு கயிற்றுக்குச் செய்யும் வேலை எப்போதும் சிறிதாக இருக்க வேண்டும். எந்தச் சாக்கெட்டும் நம்மை நிறுத்திவைக்காதபடி ‘தடுக்காத’ நிலையில் வைக்க வேண்டும். தகவல்தளத்தில் நீண்ட தேடல், பெயரைக் கொண்டு முகவரி கண்டுபிடித்தல் போன்றவற்றை இந்தச் சுழற்சிக்குள் செய்யவே கூடாது; வேறு இழைகளிடம் கொடுத்து விடையை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே கிளையண்ட் வரிகளைக் கொட்டிக்கொண்டே இருந்தால், ஒரு சுற்றில் இத்தனை பைட்டுக்கு மேல் படிப்பதில்லை என்று அளவு வைத்து அடுத்தவரிடம் நகர வேண்டும்.

2009-இல் வந்த கோ மொழி போன்றவை, ஓர் இணைப்புக்கு ஓர் ஆள் என்ற பழைய எளிய வடிவிலேயே எழுத விடுகின்றன. அடியில் அம்மொழியின் இயக்க அமைப்பு ஈபோலைக் கொண்டே எல்லாக் கயிறுகளையும் பிடிக்கிறது. சௌகரியமான ஏற்பாடு. ஆயினும் அடியில் நடப்பதை ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்த்தவருக்கே பின்வரும் இரண்டு சிக்கல்களும் உடனே புலப்படும் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒரு சிறு குறிப்பு. டி.சி.பி. இணைப்பில் வருவது பைட்டுகளின் ஓட்டமே, வரிகள் அல்ல. ஒருமுறை படித்தால் ஒன்றரை வரி வரலாம். முக்கால் வரியும் வரலாம். ஆதலால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி இடைத்தாங்கி வைத்து, வரி முடியும் குறி வந்தபின்பே அதை எடுக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். வரியின் இறுதியில் சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. அதனோடு ஒத்துப்பார்த்தபின் பயன்படுத்தலாம். வரி முடிவே இல்லாமல் பைட்டுகள் வந்துகொண்டிருந்தால் ஓர் அளவோடு நிறுத்தி இணைப்பை மூடிவிட வேண்டும்.

மெதுவாகக் கேட்பவர்

படிப்பதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் பெரிய இடையூறு அனுப்புவதில்தான். மணப்பாட்டுக் கரையில் நின்று கைப்பேசியில் பார்ப்பவருக்குச் சிக்னல் நலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அனுப்பிய வரிகள் போய்ச் சேராமல் கர்னலின் அனுப்பு இடைத்தாங்கியில் தங்குகின்றன. அது நிறைந்ததும், சாதாரணச் சாக்கெட்டாக இருந்தால், அடுத்த ரைட் அழைப்பு நிரலையே நிறுத்திவிடும். ஒருவர் கைப்பேசியில் சிக்னல் இல்லாததால் துறைமுகத் திரையும் மீட்புப் பணியினர் திரையும் உறைந்து நிற்கும். இந்த அநியாயத்தைத் தடுக்கவே ‘தடுக்காத’ சாக்கெட்.

அப்படியானால் அனுப்ப முடியாத வரிகளை என்ன செய்வது? ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு வரிசையில் சேர்த்து வைக்கலாம். வினாடிக்கு 75 வரி, வரிக்கு 82 பைட் என்றால் 10 நிமிடத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 37 இலட்சம் பைட். இருநூறு பேரும் தேங்கினால் 70 கோடிக்கு மேல். வரம்பில்லாத வரிசை என்றேனும் சர்வரையே மூழ்கடிக்கும். ஆகவே வரிசைக்கு எல்லை வேண்டும். எல்லை வந்தால் எதை எறிவது என்றும் முடிவு செய்ய வேண்டும். இது நிரல் நுணுக்கம் மட்டுமன்று. செய்தியின் பொருளை அறிந்தவரே இதை முடிவு செய்ய முடியும்.

கப்பலின் இருப்பிடம் என்பது புதியது வந்ததும் பழையது பயனற்றுப்போகும் செய்தி. எனவே வரிசையில் ஒவ்வொரு கப்பலுக்கும் கடைசி இருப்பிடம் ஒன்றை மட்டும் வைத்து, புதியது வந்தால் அதன் மேலேயே எழுதிவிடலாம். வரிசையின் நீளம் கப்பல்களின் எண்ணிக்கையைத் தாண்டாது. எங்கள் நிரலில் இதையே செய்தோம்.

ஆனால் எல்லாச் செய்தியும் இருப்பிடச் செய்தி அன்று. ஆபத்தில் கப்பலைவிட்டு இறங்குவோர் இயக்கும் ஏ.ஐ.எஸ். மீட்புக் கருவிகளும் இதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. அவற்றின் அடையாள எண் 970 என்று தொடங்கும். கடலில் தவறி விழுந்தவரின் கருவிக்கு 972. இந்த வரிகளை எந்தக் காரணத்துக்காகவும் எறியலாகாது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே இவற்றை அனுப்ப வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கடலில் மீனவர் பலர் கரையோடு தொடர்பற்றுப் போனதை நாம் மறக்கவில்லை. ஒரு இலட்சம் மீன்பிடி கலங்களுக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. அது ஏ.ஐ.எஸ். அன்று, வேறு அமைப்பு. எனினும் அத்தகைய செய்திகளைக் கரையில் பலருக்குப் பிரித்தனுப்பும் எந்த நிரலுக்கும் இதே கேள்வி உண்டு: வரிசை நிறையும்போது எதை எறிவாய்?

ஆபத்துச் செய்தியே அனுப்ப முடியாமல் தேங்கினால்? இணைப்பைத் துண்டித்துவிடுவதே சரி என்பது என் முடிவு. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ‘தொடர்பு அறுந்தது’ என்று காட்டும் திரையைப் பார்ப்பவர் தொலைபேசியை எடுப்பார். பழைய புள்ளிகளை அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும் திரையைப் பார்ப்பவர் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவார்.

பேசாத கயிறு

இதே காரணத்தால்தான் மௌனமும் ஆபத்தாகிறது. ஒரு கிளையண்ட் முறைப்படி மூடினால் அதன் இயங்குதளம் சொல்லிவிடும். நம் ரீட் அழைப்பு சுழியத்தைத் தரும். வயர் பிடுங்கப்பட்டாலோ, மின்சாரம் போனாலோ ஒன்றுமே வராது. சர்வர் அனுப்பிக்கொண்டே இருந்தால், லினக்ஸ் மீண்டும் மீண்டும் முயன்று இணைப்பைக் கைவிட ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். அந்த 15 நிமிடத்தில் 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் 3 கடல்மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். சர்வர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலோ இன்னும் மோசம். டி.சி.பி.யின் உயிர்ச்சோதனை வசதியை இயக்கி அப்படியே விட்டாலும் அது முதல் சோதனையைச் செய்வது 2 மணி நேரத்துக்குப் பிறகே. இயக்காவிட்டால் முடிவே இல்லை.

நங்கூரக் கப்பல்களின் செய்தி மட்டும் வரும் ஓர் ஏற்பி நள்ளிரவில் நெடுநேரம் மௌனமாக இருப்பது இயல்பே. அதற்கும் அறுந்துபோன ஏற்பிக்கும் வேறுபாடு காண, வேறு செய்தி இல்லாதபோதும் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் வரி ஒன்று வேண்டும். எங்கள் நிரலில் 30 வினாடிக்கு ஒருமுறை சர்வர் ஒரு வரி அனுப்பும். கிளையண்ட் விடை சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டுக்கு விடை வராவிட்டால் மூடிவிடுவோம். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிக் கடிகாரம் தேவையில்லை. ஈபோலில் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு கொடுத்து, எழும்போதெல்லாம் காலம் கடந்தவற்றைப் பார்த்தால் போதும்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்க ஒரு வயரும் ஒரு கைக்கடிகாரமும் போதும். கிளையண்ட் நிரலை மூடிப் பாருங்கள். சர்வர் உடனே அறியும். பிறகு நிரலை மூடாமல் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். உயிர்ச்சோதனை வரி மூடுவதற்குள், அதாவது அரை நிமிடத்துக்குள், வயரை மீண்டும் செருகினால் இன்னொன்றும் தெரியும்: கர்னலின் அனுப்பு இடைத்தாங்கியில் தேங்கிய பழைய வரிகள் எல்லாம் முதலில் வந்து விழும். நம் வரிசையில் உள்ளதை நாம் மாற்றி எழுதலாம். கர்னலிடம் ஒப்படைத்ததைத் திரும்பப் பெற முடியாது. அந்த இடைத்தாங்கியைச் சிறிதாக வைத்தால் பழைய வரிகள் குறையும். முற்றிலும் இல்லாமற் போகாது. ஏ.ஐ.எஸ். இருப்பிடச் செய்தியிலோ நேரத்தின் வினாடி மட்டுமே உள்ளது; மணியும் நிமிடமும் இல்லை. எனவே வரி வந்து சேர்ந்த நேரத்தை ஏற்பியிலேயே முழுமையாகக் குறித்து அனுப்பி, திரையில் காட்டும் நிரல் ஒவ்வொரு புள்ளியையும் வரையுமுன் அந்த நேரத்தைப் பார்க்கும்படி எழுத வேண்டும்.